27 புள்ளியும் ஒரு கோச்சின் தலையும்

அரியலூரில் இருந்து பெரம்பலூருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். சிமெண்ட் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அதற்கும் மேலே. அந்த நேரத்துக்குள் சென்னையின் எஃப்.சி.யின் கோச்சை மூன்று முறை நீக்கி நான்கு முறை புதிதாகப் போட்டுவிடலாம். கடைசி சீட்டில் உட்கார்ந்து வரும் காலேஜ் பசங்களைக் கேட்டால் தெரியும்.

"கோச்சை மாத்துனாத்தான்டா மாப்ள உருப்படும்" என்பான் ஒருவன். "எத்தனை பேரடா மாத்துவீங்க? டைம் குடுங்கடா" என்பான் இன்னொருவன். பஸ் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதும் இதே இரண்டு வாக்கியம்தான். டீக்கடையில் கிளாஸைக் கையில் எடுத்த பிறகும் இதேதான். சென்ற வருடமும் இதுதான், அதற்கு முந்தைய வருடமும் இதுதான்.

இரண்டு கட்சியும் தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை. ஒரு கட்சியைத் திட்டினால் இன்னொரு கட்சி கை தட்டும். இரண்டையும் சேர்த்துத் திட்டினால் டீக்காசு நம் தலையில் விழும். பரவாயில்லை.

முதலில் இந்தப் பசங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இவர்களை டிவி ரசிகர்கள் என்று சென்னைக்காரர்கள் கிண்டல் செய்வதுண்டு. பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்துக்கு பத்து ரூபாய் டிக்கெட்டில் வந்து இறங்குபவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். பெரம்பலூரில் இருந்து அந்த ஸ்டேடியம் சுமார் 270 கிலோமீட்டர். பெரம்பலூரில் ரயில் நிலையமே கிடையாது. ஏழரைக்கு மேட்ச் என்றால் முடிந்து வெளியே வர ஒன்பதரை, பத்து ஆகிவிடும். முன்பு கோயம்பேட்டில் பஸ் பிடித்தார்கள். இப்போது கிளாம்பாக்கம் வரை போக வேண்டும். ஊர் வந்து சேரும்போது கோழி கூவும் நேரம். அரியலூர்க்காரன் கொஞ்சம் கொடுத்து வைத்தவன், எழும்பூரில் இரவு ரயில் ஏறலாம். ஆனால் தூங்கிவிட்டால் திருச்சியில்தான் கண் விழிப்பான்.

இத்தனையும் செய்து ஒருவன் ஒரு மேட்ச் பார்த்து, அதில் டீம் கடைசி பத்து நிமிஷத்தில் கோல் வாங்கித் தோற்றால், கோச்சின் தலையைக் கேட்க அவனுக்கு உரிமை இல்லையா? நிச்சயம் உண்டு. ஆனால் கேட்டுக் கேட்டு என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்க்கவும் ஒரு உரிமை உண்டல்லவா? அந்தக் கணக்கைத்தான் யாரும் போடுவதில்லை.

கணக்கு இதோ. 2022-23 சீசனில் தாமஸ் பிரடாரிச் கோச். 20 ஆட்டம், 27 புள்ளி, 8ஆம் இடம். 'மாத்து' என்றார்கள், மாற்றினார்கள். 2023-24இல் ஓவன் காயில் திரும்பி வந்தார். 22 ஆட்டம், 27 புள்ளி, 6ஆம் இடம், பிளே-ஆஃப். 'ஆஹா' என்றார்கள். 2024-25இல் அதே காயில். 24 ஆட்டம், 27 புள்ளி, 11ஆம் இடம். 'மாத்து' என்றார்கள்.

மூன்று சீசனிலும் புள்ளி 27தான்! ஆட்டம் மட்டும் இரண்டிரண்டாகக் கூடிக்கொண்டே போயிருக்கிறது. அதாவது 6ஆம் இடம் பிடித்த வருடத்தில் டீம் ஒன்றும் ஏறிவிடவில்லை, முந்தைய வருடத்தை விட ஒரு ஆட்டத்துக்குக் கிடைத்த புள்ளி குறைவு. மற்ற டீம்கள் அதற்கும் கீழே இருந்ததால் ஏணியில் மேலே தெரிந்தது, அவ்வளவுதான். அந்த வருடம் 22 ஆட்டத்தில் 8 வெற்றி, 11 தோல்வி. அடுத்த வருடம் 24 ஆட்டத்தில் 7 வெற்றி, அதே 11 தோல்வி. இதை "காயில் கெட்டுப்போய்விட்டார்" என்று சொல்பவர்கள் அட்டவணையின் கடைசிக் கட்டத்தை மட்டும் படித்தவர்கள்.

இப்போது கொஞ்சம் பின்னால் போகலாம். ஏனென்றால் இந்த டீமுக்கு ஏறி இறங்குவது புது வியாதி இல்லை. பிறவிக் கோளாறு.

2015இல் மார்கோ மாட்டராஸி கோச். (ஆமாம், 2006 உலகக் கோப்பை ஃபைனலில் ஜிடேனிடம் நெஞ்சில் முட்டு வாங்கினாரே, அவரேதான்.) 14 ஆட்டம் கொண்ட லீகில் முதல் 10 ஆட்டத்தில் 3 வெற்றி. அட்டவணையில் கடைசியில் கிடந்தார்கள். பிறகு வரிசையாக 4 வெற்றி, 22 புள்ளியோடு 3ஆம் இடம். சென்னை வெள்ளத்தில் மிதந்துகொண்டிருந்ததால் சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியை புனேவில் போய் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று சாய்த்தார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில் ஃபைனல். 87ஆவது நிமிஷத்தில் 2-1 என்று பின்தங்கி நின்ற டீம், 90ஐத் தொட்டபோது எதிரணி கீப்பர் கட்டிமணியின் கையால் ஒரு சேம் சைடு கோல், அடுத்து மெண்டோசாவின் கோல் என்று 3-2 ஜெயித்தது. அந்த நாலு நிமிஷத்தைப் பார்த்து ரசிகன் ஆனவர்கள்தான் இந்தப் பக்கத்தில் பாதிப் பேர்.

அடுத்த வருடம்? அதே மாட்டராஸி. 8 டீமில் 7ஆம் இடம்.

2017-18இல் ஜான் கிரிகரி வந்தார். லீகில் 2ஆம் இடம், 32 புள்ளி. 2018 மார்ச் 17, பெங்களூருவின் சொந்த மைதானத்தில் ஃபைனல். செத்ரி 9ஆவது நிமிஷத்திலேயே கோல் போட்டுவிட்டார். அப்புறம் கார்னரில் இருந்து மெய்ல்சன் ஆல்வ்ஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. 3-2, இரண்டாவது கோப்பை.

அடுத்த வருடம்? அதே கிரிகரி. 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. 9 புள்ளி. 10 டீமில் 10ஆம் இடம். அந்த இரண்டு வெற்றியில் ஒன்று, அந்த வருடம் சாம்பியன் ஆன பெங்களூருவுக்கு எதிராக! இதற்கு மேல் நிலையில்லாத்தனத்துக்கு உதாரணம் வேண்டுமா?

'டைம் குடு' கட்சி இங்கே சத்தம் போடாமல் டீயைக் குடிக்கும். குடித்துத்தான் ஆக வேண்டும். கிரிகரிக்கு டைம் கொடுத்தார்கள், மாட்டராஸிக்கும் கொடுத்தார்கள், காயிலின் இரண்டாம் வருகைக்கும் இரண்டு சீசன் கொடுத்தார்கள். மூன்று தடவையும் அந்த அடுத்த வருடம் முந்தைய வருடத்தை விடக் கீழேதான் போனது. டைம் என்பது மருந்து என்றால் இந்த நோயாளிக்கு மூன்று முறையும் வேலை செய்யவில்லை.

'மாத்து' கட்சி உடனே சட்டைக் காலரைத் தூக்கிவிடும். அவர்களுக்குக் கையில் ஒரே ஒரு துருப்புச் சீட்டு உண்டு, அது நல்ல சீட்டுதான். 2019-20. கிரிகரியின் கீழே முதல் 4 ஆட்டத்தில் ஒரு கோல் கூட இல்லை. 6 ஆட்டத்தில் 5 புள்ளி. கிரிகரி போனார், டிசம்பரில் காயில் வந்தார். அதே பசங்களை வைத்துக்கொண்டு மீதி 12 ஆட்டத்தில் 24 புள்ளி. 4ஆம் இடம், அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5, கொரோனாவால் காலி மைதானத்தில் நடந்த ஃபைனலில் 3-1 தோல்வி. வால்ஸ்கிஸ் 15 கோல். கோச் மாற்றியதால் வந்த வித்தியாசம் என்று அடித்துச் சொல்லலாம்.

சரி, அந்தச் சீட்டுக்குப் பிறகு? 2020-21இல் சாபா லாஸ்லோ: 3 வெற்றி, 6 தோல்வி, 11 டிரா. (பதினொன்று! டிக்கெட் வாங்கி உள்ளே விட்டிருந்தால் பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். நல்ல வேளை, கொரோனாக் காலம், எல்லாமே கோவாவில்.) 8ஆம் இடம். மாற்றினார்கள். 2021-22இல் போசிதார் பாண்டோவிச். கோவாவிடம் 5-0 வாங்கியதும் சீசன் முடியும் முன்பே அனுப்பிவிட்டு சபீர் பாஷா கையில் கொடுத்தார்கள். 8ஆம் இடம். மாற்றினார்கள். பிரடாரிச், அவரும் 8ஆம் இடம். மூன்று வருடம், மூன்று நாட்டுக்காரர், ஒரே நாற்காலி, ஒரே எட்டு.

இந்த இடத்தில் அரியலூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வர வேண்டும். 2001இல் அரியலூரைப் பெரம்பலூரில் இருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். 2002இல் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007இல் மறுபடி பிரித்தார்கள். போர்டு எழுதும் பெயிண்டருக்கு நல்ல வருமானம். ஆனால் ஒவ்வொரு தடவை போர்டு மாறியபோதும் சுண்ணாம்புக்கல் லாரி அதே ரோட்டில்தான் ஓடியது, ரோட்டில் அதே பள்ளம்தான் இருந்தது. காயிலை 2019இல் கொண்டுவந்து, 2020இல் போகவிட்டு, 2023இல் திரும்பக் கொண்டுவந்ததைப் பார்க்கும்போது இந்த மாவட்டத்துப் பையனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வராமல் கோபம் வந்ததுதான் ஆச்சரியம்.

அப்படியென்றால் பள்ளம் எங்கே?

கோப்பை ஜெயித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அடுத்த வருடம் யார் யார் டீமில் இல்லை என்று பார்த்தால் போதும். 2015இல் 13 கோல் போட்டு கோல்டன் பூட் வாங்கிய மெண்டோசா 2016இல் இல்லை. எலானோ இல்லை. ஃபைனலில் முதல் கோல் போட்ட புரூனோ பெலிசாரி டெல்லிக்குப் போய்விட்டார். 2018இல் தடுப்பாட்டத்தின் தூணாக இருந்த ஹென்ரிக் செரெனோ அடுத்த வருடம் இல்லை. மிஹெலிச், கவிலான் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே தன்பால் கணேஷ். வியாசர்பாடிப் பையன். நடு மைதானத்தில் பந்தைப் பிடுங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தவன். முழங்கால் போய் அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தான். அவன் இடத்தில் நிற்க இன்னொருவனை வளர்த்து வைத்திருக்கவில்லை. 13 தோல்வியை கிரிகரியின் தலையில் எழுதியவர்கள் இந்த ஒரு முழங்காலைக் கணக்கில் சேர்த்தார்களா?

2020இல் நடந்தது இன்னும் மோசம். காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். 15 கோல் போட்ட வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்கே போனார். அங்கே என்ன நடந்தது என்பதைத்தான் இந்தப் பக்கத்து ரசிகர்கள் பாடமாகப் படித்திருக்க வேண்டும். முதல் வருடம் 6ஆம் இடம். இங்கே என்றால் தலை கேட்டிருப்பார்கள். அங்கே கோச்சை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை, கேப்டன் ஹார்ட்லி, நடுவில் அலெக்ஸாண்ட்ரே லிமா, கீப்பர் ரெஹனேஷ் என்று முதுகெலும்பையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதன் மேல் கிரெக் ஸ்டூவர்ட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். 2021-22இல் 43 புள்ளி, லீக் ஷீல்டு. அதே காயில்தான் பிற்பாடு சென்னையில் 24 ஆட்டத்தில் 27 புள்ளி எடுத்தவர். மனிதர் ஒருவரே. அவருக்குக் கீழே நின்ற எலும்பு வேறு.

இன்னொன்றும் சொல்லலாம். கோவா 2020 ஜனவரியில் செர்ஜியோ லோபெராவை நீக்கியது. அவர் மும்பைக்குப் போனபோது தனியாகப் போகவில்லை. ஜாஹு, ஃபால், பூமுஸ், மந்தார் ராவ் தேசாய் என்று கோவாவின் நடு எலும்பே அவரோடு மும்பைக்கு மாறியது. 2020-21இல் ஷீல்டும் மும்பைக்கு, கோப்பையும் மும்பைக்கு. 'மாத்து' கட்சி இதை "பாத்தியா, கோச் மாறினா ஜெயிக்கலாம்" என்று படிக்கும். கோச்சோடு சேர்ந்து நாலு பேர் மாறியதைப் படிக்காது.

பெரம்பலூர்ப் பக்கம் இதை விளக்க ஃபுட்பால் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. சின்ன வெங்காயம் போடுகிற எந்த வீட்டிலும் தெரியும். அறுவடை ஆனதும் விலை நன்றாக இருக்கிறதே என்று மொத்தத்தையும் விற்றுவிட மாட்டார்கள். நல்ல காயாகப் பார்த்து விதைக்கென்று பட்டறையில் போட்டு வைப்பார்கள். அடுத்த போகத்துக்கு அதுதான் முதல். விதை வெங்காயத்தையும் விற்றுவிட்டு, விளைச்சல் சரியில்லை என்று ஒவ்வொரு போகமும் பண்ணையாளை மாற்றுகிற ஒருவரை ஊரில் என்ன சொல்வார்கள்? அதையே ஒரு கிளப் செய்தால் "புது அத்தியாயம்" என்று போஸ்டர் அடிக்கிறது, இந்தப் பசங்களும் அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

2023இல் அனிருத் தாப்பா மோகன் பகானுக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? 2016இல் சின்னப் பையனாக வந்து, 2018 கோப்பையில் ஆடி, கேப்டன் பட்டை வரைக்கும் கட்டியவன். ஏழு வருடம் ஒரே டீமில் இருந்தவன் இந்த லீகில் எத்தனை பேர்? அவன் போன அதே கோடையில் இரண்டு மாவட்டத்துப் பசங்களும் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்? காயில் திரும்ப வருகிறாராமே என்றுதான். ஒரு கையில் லாலிபாப் கொடுத்துவிட்டு இன்னொரு கையில் இருந்த பலகாரத்தை எடுத்துக்கொண்டால் குழந்தை கூட அழும்.

இங்கேதான் கோபமே. கோச்சை நீக்குவது கிளப்புக்கு ரொம்ப மலிவான காரியம். ஒரு அறிக்கை, ஒரு நன்றி வாசகம், ஒரு புது முகம், ஒரு புதுப் பேட்டி. மூன்று மாதம் கூட்டம் அமைதியாக இருக்கும். ஆறேழு நல்ல வீரர்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் பிடித்து வைப்பதுதான் செலவு. அந்தச் செலவைப் பற்றிக் கேட்க வேண்டியவன் கோச்சின் தலையைக் கேட்டால், கேட்டதை விட மலிவானதைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று முதலாளிக்குத் தெரிந்துவிடுகிறது. அபிஷேக் பச்சனும் தோனியும் வீட்டா தானியும் கெட்டவர்கள் என்று இல்லை. கூட்டம் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுக்கிறார்கள். கூட்டம் தலை கேட்கிறது, தலை கிடைக்கிறது. பி ஸ்டாண்ட் ப்ளூஸும் சூப்பர்மச்சான்ஸும் தொண்டை கிழியக் கத்துகிற அதே டீமுக்கு, ஊரில் இருந்துகொண்டு இப்படித் தப்பான கேள்வியைக் கேட்டு உதவி செய்துகொண்டிருக்கிறார்கள் நம் ஆட்கள்.

"அப்படின்னா கோச் தப்பே பண்ண மாட்டானா?" என்று கேட்பான் கடைசி சீட்டுக்காரன். பண்ணுவான். லாஸ்லோவின் 11 டிராவில் நாலைந்தாவது ஜெயித்திருக்க வேண்டியவை. அந்த வருடம் கிரிவெல்லாரோ காயப்பட்டுப் போன பிறகு முன்னால் பந்தைக் கொண்டுபோக வேறு வழி யோசிக்கவே இல்லை, அது கோச்சின் கணக்கில்தான் வரும். யாரை எப்போது இறக்குவது, முன்னிலையில் இருக்கும்போது பின்னால் ஒடுங்குவதா வேண்டாமா என்பதையெல்லாம் திட்டித் தீர்க்கலாம், திட்டத்தான் வேண்டும். ஒரு மேட்ச் ஏன் தோற்றது என்பதற்குக் கோச்சிடம் பதில் கேட்கலாம். ஏன் ஒரு வருடம் கோப்பை, ஒரு வருடம் கடைசி இடம் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. அவர் வருவதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தது, போன பிறகும் அப்படித்தான் இருக்கிறது.

2025இல் நிலைமை இன்னும் கேவலமானது. லீகை நடத்தும் உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இழுத்தது. செப்டம்பரில் தொடங்க வேண்டிய சீசன் தள்ளிப்போனது. ஆகஸ்டில் சென்னையின் கிளப் தன் செயல்பாடுகளையே நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. காயில் போய் கோவாக்காரர் கிளிஃபோர்ட் மிராண்டா கோச் ஆனார். லீகே நடக்குமா நடக்காதா என்று தெரியாத அந்த நாட்களிலும் பஸ்ஸில் என்ன விவாதம் என்கிறீர்கள்? மிராண்டா தேறுவாரா, மாட்டாரா.

அந்த பஸ்ஸிலேயே வைத்து ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். 2014இல் இருந்து இந்த டீமின் கோச்கள் பெயரை வரிசையாகச் சொல்லச் சொன்னால் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மாட்டராஸி, கிரிகரி, காயில், லாஸ்லோ, பாண்டோவிச், பிரடாரிச், மறுபடி காயில், மிராண்டா. மூச்சு விடாமல் வரும். இந்த சீசன் முடியும்போது யார் யாருடைய ஒப்பந்தம் முடிகிறது என்று கேட்டால், டிரைவர் ஹாரன் அடிக்கும் சத்தம் மட்டும்தான் கேட்கும்.